வெயில் படாத துணி

1934 நவம்பர் 12, திங்கள்

இன்றும் மழை விடவில்லை. கச்சேரி ரோட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். நனைந்த பாவாடையோடு கூடத்துக்குள் வந்ததற்கு அத்தையிடம் திட்டு. அப்பாவுக்கே அக்கா என்பதால் இந்த வீட்டில் எது மடி, எது தீட்டு, யார் எதைத் தொடலாம் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான். அம்மா உப்புப் போடும்போதுகூட அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஜானு அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கால் வீங்கிக் கிடக்கிறது. “கோமு, ஏதாவது பாடம் சொல்லேன், தூக்கம் வரட்டும்” என்றாள். இந்திய நதிகளைச் சொன்னேன். கோதாவரி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

எல்லோரும் படுத்தாயிற்று. பூகோள நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கேயாவது சொல்லியாக வேண்டும். நான் பெரியவளாகி இது மூன்றாவது மாதம். யாருக்கும் தெரியாது, ஜானுவுக்குக்கூட.

தெரிந்தால் அன்றோடு பள்ளிக்கூடம் சரி. ஜானுவுக்கு அப்படித்தான் நின்றது. காலையில் தூரம் என்று தெரிந்தது, மத்தியானம் அப்பா தலைமை ஆசிரியைக்கு எழுதிவிட்டார். அவளுடைய தையல் பெட்டி இன்னும் பள்ளிக்கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது.

கொல்லை அறையில் ஆணியில் ஒரு மூட்டை தொங்குகிறது. பழைய வேட்டி, புடவைக் கிழிசல்கள். தூரமானவர்களுக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான். தீட்டில் நல்ல துணியை யார் வீணாக்குவார்கள்? அதிலிருந்துதான் எடுக்கிறேன். கிணற்றடியில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு மூட்டைக்குள்ளேயே செருகிவிடுகிறேன். கொல்லைக் கொடியில் போட முடியாது. அந்தக் கொடியில் துணி தொங்கினால் யாரோ தூரமாகி உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். யார் என்று அத்தை கேட்பாள்.

இன்று மூட்டைக்குள் கையை விட்டபோது ஒரு வாடை அடித்தது. மழைவாடைதான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14, புதன்

பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

விடியற்காலையில் வலி கண்டது. கால்வாய்க்கரையிலிருந்து மருத்துவச்சி முத்தம்மா தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். நானும்தான். என்னைப் பார்த்து, “இன்னா கண்ணு, நீ இன்னம் வளரவே இல்லியே?” என்று சிரித்தாள். நான் நிற்காமல் உள்ளே போய்விட்டேன்.

பாத்திரம் வைக்கும் அறையிலிருந்து எல்லாம் கேட்டது. அத்தை கொல்லை அறைக்குள் போகவில்லை. வாசலில் நின்றபடியே மூட்டையைக் கழியால் உள்ளே தள்ளினாள்.

“இன்னாமா இது, துணி சில்லுனு கீதே?”

“மழைக்காலத்துல சில்லுனு இல்லாம கொதிக்குமா? போடுடி, நாழியாறது.”

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. என்னைப் பற்றித் தெரிந்துவிடுமோ என்பது மட்டும்தான் தோன்றியது.

நவம்பர் 15

பாப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பத்து நாள் தொடக்கூடாது. ஜானு விரலை மட்டும் ஆட்டினாள்.

நவம்பர் 17, சனி

ஜானுவுக்குக் குளிர் தூக்கிப் போடுகிறது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. பிறகு உடம்பு கொதித்தது.

“பால் ஜுரம். பால் கட்டிண்டா ஜுரம் வரத்தான் வரும், எல்லாருக்கும் வரதுதான்” என்றாள் அத்தை. அம்மா மிளகு ரசம் வைத்தாள். தம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஜானு எழுந்து எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் போய் எடுத்துக் கொடுத்தேன். தொட்டதற்காக மழையிலேயே கிணற்றடியில் குளிக்க வைத்தார்கள்.

அவள் கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

நவம்பர் 18, ஞாயிறு

அப்பா டாக்டர் ரகுபதியை அழைத்து வந்தார். அவர் கொல்லை அறை வாசலோடு நின்று நாடியை மட்டும் பார்த்தார். மற்றதெல்லாம் அத்தையிடம் கேள்விகள்தான். ஆண்பிள்ளை டாக்டர் வேறு எப்படிப் பார்ப்பார்?

“துணியெல்லாம் எப்படி அம்மா? சுத்தமா?”

“எங்காத்துல கேக்கணுமா? தோய்ச்சு வெயில்ல ஒணத்தி வெச்ச துணி.”

அத்தை பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அது வெயிலில் காய்ந்த துணிதான்.

டாக்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்படியானால் பால் ஜுரமாக இருக்கலாம், ரெண்டு நாள் பார்ப்போம்” என்றார். வாசலில் அப்பாவிடம் மட்டும் இங்கிலீஷில் பேசினார். பெண்டுகளுக்குப் புரிய வேண்டாம் என்றால் அப்பாவும் அவரும் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள். நான் குடையை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். எல்லாம் புரியவில்லை. ஒரு வார்த்தை புரிந்தது. செப்டிக். அப்படி மட்டும் ஆகாமல் இருக்கவேண்டும் என்றார்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதிதாகக் கக்கூஸ் கட்டியபோது ‘செப்டிக் டாங்க்’ என்றார்கள். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த வார்த்தைக்கு ஜானுவின் உடம்பில் என்ன வேலை?

அம்மா கேட்டாள், “டாக்டர் என்ன சொன்னார்?”

“ஒண்ணுமில்லேன்னார்” என்றார் அப்பா.

நவம்பர் 19, திங்கள்

சுகாதாரப் பாடம் எடுக்கும் மிஸ் துரைராஜிடம் கேட்டுவிட்டேன். மணி அடித்து எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன்.

“செப்டிக் என்றால் என்ன வியாதி, டீச்சர்?”

“அது வியாதியின் பேர் இல்லை, கோமதி. ஒரு புண் எப்படி இருக்கிறது என்று சொல்கிற வார்த்தை. கிருமி புகுந்து, சீழ் பிடித்து, அழுகத் தொடங்கின புண். பெரிய வெட்டுக்காயம் செப்டிக் ஆகாமலே ஆறிப்போகும். முள் குத்தின இடம் செப்டிக் ஆகிவிடும். கண்ணுக்கு வெள்ளையாக இருக்கிற துணியும் செப்டிக்காக இருக்கலாம்.”

“குழந்தை பெற்றவர்களுக்கும் ஆகுமா?”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “உள்ளே அதுவும் ஒரு பெரிய புண்தானே. அங்கே செப்டிக் ஆனால் ரத்தத்திலேயே ஏறிவிடும். யார் வீட்டில்?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா கேட்கிற முகம் இல்லை இது. யாராக இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. வீட்டில் சொல்லு.”

சொல்வதா? என்னவென்று சொல்வது?

நடந்து வரும்போது இதையேதான் நினைத்தேன். தீட்டு என்றால் அத்தைக்கு ஒரு பார்வையில் தெரியும். தொட்டால் ஒட்டும், குளித்தால் போய்விடும். இது குளித்தால் போகாது. அத்தையின் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று முறை தலை முழுகுகிறவள் கையாலேயே உள்ளே வந்துவிட்டது.

அவள் கையாலா, என் கையாலா?

வீட்டுக்கு வந்தால் கொல்லை வாசலில் சண்டை. முத்தம்மாவைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார்கள்.

“நீ எந்தக் கையோட வந்தியோ! எந்தச் சேரில பொரண்டுட்டு வந்தியோ!”

“இன்னாமா பேசறீங்க? ஒங்க கண்ணு முன்னாலதானே வென்னி வாங்கிக் கை கய்வினேன்? துணி ஈரமா கீதுன்னு அப்பவே கேட்டேனா இல்லியா? நீங்கதான் போடு போடுன்னீங்க. இப்ப அல்லாத்தையும் என் தலைல கட்றீங்களே.”

“வாய மூடுடி. எங்காத்துத் துணியப் பத்திப் பேச வந்துட்டா.”

முத்தம்மா கோணியை உதறிப் போட்டுக்கொண்டு போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

கொல்லை அறையில் வாடை. மூட்டைக்குள் அடித்த அதே வாடை.

நவம்பர் 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வீட்டில் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் டாக்டர் ரகுபதி வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, ஜுரம் எப்படி இருக்கு?” என்றார். கூடவே, “நீ ஏன் தனியா வந்தே?”

“துணி காயவே இல்லை” என்றேன். “ஈரத்தோடு மூட்டைக்குள் வைத்தது. பல நாளாக. அத்தைக்குத் தெரியாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் வைத்தேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். காபியை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்தார். என்னைக் காரில் ஏற்றவில்லை. “நீ பள்ளிக்கூடம் போ. நீ இங்கே வரவில்லை, தெரிகிறதா?” என்றார்.

போனேன். கணக்குப் பாடம் நடந்தது. என்ன கணக்கு என்று தெரியாது.

சாயங்காலம் வீட்டில் ஜானு இல்லை. பத்து நாள் ஆகாமல் வாசற்படி தாண்டக்கூடாது என்று அத்தை குறுக்கே நின்றாளாம். டாக்டர் ஒரு லேடி டாக்டரையும் கூட்டி வந்திருக்கிறார். அந்த அம்மாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கை கழுவக்கூடக் காத்திராமல், “செப்டிக்” என்றாராம். அப்பா முதல் முறையாக அத்தையைப் பார்த்து, “நகரு அக்கா” என்றாராம். ஜானுவை அவரே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தாராம். தீட்டு என்று யோசிக்கவே இல்லை. அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

டாக்டருக்கு எப்படித் திடீரென்று சந்தேகம் வந்தது என்று அப்பா கேட்டதற்கு, வாடையை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னாராம்.

நவம்பர் 21

தெருவெல்லாம் கார்த்திகை விளக்கு. எங்கள் வீட்டில் யாருக்கும் ஏற்ற மனசில்லை. அத்தை மட்டும் ஒரே ஒரு அகலை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்குப் பாலாடையில் பசும்பால். பாதி வெளியே வழிகிறது.

நவம்பர் 24, சனி

அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெரிய வார்டுகளைத் தாண்டி, கடைசியில் தனியாக ஒரு கட்டடம். வாசலில் பலகை: செப்டிக் வார்டு. இங்கிலீஷில் மட்டும் எழுதியிருந்தது. என்னை உள்ளே விடவில்லை. பிரசவமான மற்றவர்கள் பக்கத்தில்கூட வரக்கூடாதாம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு கொல்லை அறை இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நர்ஸ் ஜானுவைத் தொட்ட பிறகு மட்டும் கை கழுவவில்லை. தொடுவதற்கு முன்னாலும் கழுவினாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழுவுவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

ஜானு கண்ணைத் திறந்தாள். என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஏதேதோ பேசுகிறாளாம். மயிரை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள்.

வெளியே டாக்டர் ரகுபதியைப் பார்த்தேன். அப்பா சற்றுத் தள்ளி நின்றபோது கேட்டேன்.

“என் துணியாலா?”

“கையாக இருக்கலாம், தொப்புள்கொடி அறுத்த கத்தியாக இருக்கலாம், துணியாக இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது, அம்மா.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல டாக்டர்.

நவம்பர் 27, செவ்வாய்

எப்படி எழுதுவது? களைப்புதான் அதிகம், பயம் இல்லை.

முத்தம்மா கொல்லை வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. “பொண்ணு எப்டி கீதும்மா?” என்று கேட்கத்தான் வந்தாள். பக்கத்து வீட்டு மாட்டுப்பெண்ணுக்கு இது நிறைமாசம். இவளை வேண்டாம் என்று வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு தெரு தள்ளியும் அப்படியே. எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சுதான்.

அத்தை கதவைச் சாத்தப் போனாள்.

“அவள் கை இல்லை, அத்தை” என்றேன்.

“என்னடி?”

“துணி ஈரம். நான்தான் ஈரத்தோட வெச்சேன். மூட்டைக்குள்ள. மூணு மாசமா.”

“ஒனக்கெதுக்குடி அந்தத் துணி?”

அத்தை என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது. அம்மா, “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தம்மாதான் முதலில் பேசினாள், “ஐயோ குயந்தே” என்று. அடிக்கப் போகிறாள் அத்தை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே, முத்தம்மா எதிரிலேயே, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“எங்கம்மாவும் பால் ஜுரத்துலதான் போனா. ஒங்கப்பா தொட்டில்ல கெடந்தான். இதே வாடை. நான் சின்னப் பொண்ணு, மூக்கப் பொத்திண்டேன்னு எல்லாரும் திட்டினா.”

பாப்பா உள்ளே அழுதது. நான் போய் எடுக்கலாமா, தீட்டாகுமா என்று அம்மா என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையை அசைக்கவே இல்லை. கடைசியில் அம்மாவே போய் எடுத்தாள்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா என்னைக் கூப்பிடவில்லை. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிற சத்தம் கேட்டது. யாருக்கு என்று தெரியும்.

நவம்பர் 28

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

ஜுரம் இறங்கியிருக்கிறது. இனி ஏறாது என்று சொல்ல இன்னும் தைரியம் வரவில்லையாம், ஆனால் இறங்கியிருக்கிறது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். தமிழில் சொன்னார், அம்மாவிடம் நேராக, வார்த்தை வார்த்தையாக. செப்டிக் என்றால் என்ன என்றும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

டிசம்பர் 20

பக்கத்து வீட்டில் பிள்ளைக் குழந்தை. முத்தம்மாதான் போனாள். அத்தை அந்த வீட்டு வாசலுக்கே போய், “துணிய மட்டும் கொதிக்கப் போட்டுக் குடுங்கோ, கையில ஒண்ணும் குத்தமில்லே” என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

1935 ஜனவரி 18, வெள்ளி

ஜானு பொங்கலுக்கு மறுநாள் வந்தாள். தலையில் மயிர் கரும்புத்தட்டை வெட்டின கொல்லை மாதிரி முளைத்திருக்கிறது. நாலடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். பாப்பாவுக்கு அவளைத் தெரியவில்லை. அவள் மடியில் போட்டால் அழுகிறது, அம்மாவிடம் போனால் நிறுத்துகிறது. ஜானு அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அவளுக்கு எல்லாம் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பள்ளிக்கூடம் போச்சாடி?”

“போச்சு.”

“அசடு. கோதாவரிக்கு மேல எனக்கு யார் சொல்லுவா?”

எனக்கு இன்று முதல் நாள். கொல்லை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சிம்னி விளக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதனால் எழுத முடிகிறது. பழைய மூட்டை இல்லை. அத்தை அதைக் கிணற்றடிக்குப் பின்னால் எரித்துவிட்டாள். புதிதாக மல் துணி கிழித்து வைத்திருக்கிறாள்.

காலையில் தவலையில் வெந்நீர் கொண்டுவந்து, தள்ளி நின்று, என் வாளியில் ஊற்றினாள். தொடவில்லை. அது இன்னும் அப்படித்தான். நான் துணியை அலசிப் பிழிந்துவிட்டு, பழக்கத்தில் அறைக்குள்ளேயே மடித்து வைக்கப் போனேன்.

“உள்ள வெக்காதே. கொடியில போடு.”

“பக்கத்தாத்து மொட்டை மாடியிலேர்ந்து பார்ப்பா, அத்தை.”

“பார்த்தா பார்க்கட்டும். வெயில் பட்டு நன்னா காயணும். இல்லேன்னா செப்டிக் ஆயிடும்.”

அந்த வார்த்தையை அத்தை வாயில் முதல் முறையாகக் கேட்டேன். அரிசி, பருப்பு என்பது போலச் சொல்லிவிட்டுத் தவலையை எடுத்துக்கொண்டு போனாள்.

கொடியில் போட்டேன். அப்போது பள்ளிக்கூடத்து மணி அடித்தது. முதல் மணி. பிறகு இரண்டாவது.

சாயங்காலம் எடுக்கப் போனபோது துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஒரு வாடையும் இல்லை. வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு ஆறுகிறவரை, அங்கேயே நின்றிருந்தேன்.